கொடிக்கயிற்றுக் கோடு

போட்டோகொப்பி மெஷினுக்குச் சாம்பல் நிறம் பிடிபடாது. ஒரு பிரதியை மறுபடி பிரதியெடுத்தால் மெல்லிய நிழல்கள் வெளுத்துப்போகும், கறுப்பு திரண்டு தடிக்கும், தூசி புள்ளிகளாகப் பெருகும். கண்ணாடியில் கீறல் இருந்தால் எல்லாத் தாளிலும் அதே இடத்தில் ஒரு கோடு விழும்.

எண்பதுகளின் இறுதியில் பீலெஃபெல்ட் நகரில் அகதிகளாக இருந்தபோது நாங்கள் நடத்திய சஞ்சிகையை ஒரு தேவாலய அலுவலகத்து மெஷினில் பிரதியெடுத்தோம். அதன் கண்ணாடியில் குறுக்கே நீளமாக ஒரு கீறல். ஆசிரியர் தியாகராசா அண்ணை அதைத் திட்டாத நாளில்லை. அட்டைப்படம் வரைபவள் நான். கோடு விழும் இடத்தை அளந்துகொண்டு, அகதி முகாமின் ஜன்னலோரம் ஈரச் சேலை காயப்போடும் ஒரு பெண்ணை வரைந்தேன். கொடிக்கயிற்றை மட்டும் வரையவில்லை. அதை மெஷின் போட்டுத் தந்தது.

மூலப்படம் முகாம் மாறும்போது தொலைந்தது. எஞ்சியது ஒரேயொரு பிரதி. பல வருடங்கள் கழித்து, சஞ்சிகையின் தொகுப்புநூலுக்கு அட்டை வடிவமைக்கும் நிஷாந்தன் என் வீட்டுக்கு வந்து அதைக் கேட்டான்.

"அட்டையில உங்கட படம்தான் அன்ரி. அந்தப் பழைய லுக் கம்ப்யூட்டரில சும்மா வராது."

கொடுத்தேன். டோர்ட்மண்ட் நகரில் நடந்த நூல் வெளியீட்டுக்கு மகள் ஆதிரையையும் கூட்டிப்போனேன். நான் வரைந்த எதையும் அவள் பார்த்ததில்லை.

திரை விலகியது. அட்டையில் பெட்டியோடு நிற்கும் ஓர் ஆண். கணினியில் வரைந்த வழுவழுப்பான உருவம், மேலே கரகரப்பான புள்ளிகள். எனக்குத் தெரிந்த புள்ளிகள். செய்முறை எளியது: தாளை ஸ்கான் செய்து, அதிலுள்ள உருவத்தை அழித்து, மிஞ்சிய அழுக்கைப் புதிய படத்தின் மேல் ஓர் அடுக்காக வைத்து 'மல்டிப்ளை' கொடுத்தால், வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் படியும். என் கொடிக்கயிறு அந்த மனிதனின் கழுத்துக்குக் குறுக்கே போனது.

"எதம்மா உங்கட படம்?" என்றாள் ஆதிரை.

தியாகராசா அண்ணை கையில் புத்தகத்தோடு வந்தார். "பாத்தீரே ஜசிந்தா, அந்தக் காலத்து ஊத்தை அப்பிடியே இருக்கு. பெடியன் கெட்டிக்காரன்."

"நான் கீறின பொம்பிளை எங்க அண்ணை?"

"சேலை காயப்போடுறதே எங்கட வரலாறு? விடும் பிள்ளை. உள்ளுக்க உம்மட பேர் இருக்கு, பாரும்."

இருந்தது. 'பழைய தாள் தந்துதவியவர்.'

நிஷாந்தனிடம் என் பிரதியைக் கேட்டேன். பையிலிருந்து எடுத்து நீட்டினான். தாள் முழுவதும் சுருக்கம். மெஷினின் மை தாளுக்குள் ஊறுவதில்லை. சூட்டில் உருகி மேலே ஒட்டிக்கொண்டிருப்பது, அவ்வளவுதான். மடித்தால் வெடிக்கும், கசக்கினால் உதிரும். பெண்ணின் முகம் உதிர்ந்திருந்தது. சேலையில் பாதி இல்லை.

"கசக்க முதல் ஸ்கான் பண்ணினீரோ?"

"இல்லை அன்ரி. கசக்கினாப் பிறகுதானே அந்தக் கரகரப்பான டெக்ஸ்சர் வந்தது."

ஆதிரை தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதில என்னம்மா இருந்தது?"

சொல்ல வாயெடுத்தேன். மேடையில் குழுப்படத்துக்குக் கூப்பிட்டார்கள். தியாகராசா அண்ணை என் கையில் ஒரு புத்தகத்தைத் திணித்து, அட்டை தெரியும்படி திருப்பிப் பிடிக்கச் சொன்னார்.

பிடித்தேன்.