சொல்லாமல் கொடுத்த மருந்து

சாரம் பகுதியில் உள்ள தன் சிறிய கிளினிக்கில் டாக்டர் கார்குழலி அந்தக் காக்கடீல் கிளியைத் தராசில் வைத்தாள். எண்பத்திரண்டு கிராம். இடது காலில் போட்டிருந்த அலுமினிய வளையம் வீங்கிய சதைக்குள் புதைந்திருந்தது. விரல்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன.

வளையத்தை வெட்டியே ஆக வேண்டும். வெட்டும்போது உதறினால் எலும்பு முறிந்துவிடும். மூக்கில் விடும் மயக்க மருந்தை எடைக்கு ஏற்ப சிரிஞ்சில் அளந்துகொண்டு பறவையைத் துண்டில் சுற்றித் தூக்கினாள். அது கடிக்கவில்லை. கண்கள் பாதி செருகியிருந்தன.

"வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்லீங்க டாக்டர்," என்றாள் சுமலதா. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள். யூனிஃபார்மோடு அப்படியே வந்திருந்தாள்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. இதுக்கு மேல நான் மருந்து விட்டா மூச்சு நின்னுடும்."

சுமலதாவின் முகம் வெளிறியது. "விடிஞ்சதுலேருந்து ஒரே கத்தல். வலி தாங்கலையேன்னு மாமியாரோட தூக்க மாத்திரைய கரைச்சு வாயில விட்டேன்."

"எவ்ளோ?"

"தெரியல. நகத்தால கிள்ளுனேன்."

கார்குழலி சிரிஞ்சைக் கீழே வைத்தாள். திட்ட வாயெடுத்தாள், திட்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புறாவுக்கு, எதுவும் விசாரிக்காமல், எடையும் பார்க்காமல் ஊசி போட்டாள். அது அவள் கையிலேயே துவண்டது. 'ரொம்ப பலவீனமா இருந்துச்சு' என்று சொல்லி வளர்த்தவரை அனுப்பிவிட்டாள். அது பொய் என்று இன்றுவரை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

பறவையைக் கதகதப்பான பெட்டியில் வைத்து ஆக்சிஜன் குழாயைப் பொருத்தினாள். ஒவ்வொரு மூச்சாக எண்ணினாள். காலோ கறுத்துக்கொண்டே போனது. மருந்து தெளியாமல் தொட்டால் உயிர் போகும்; தாமதித்தால் கால் போகும். அவள் காத்திருந்தாள்.

மதியம் ஒரு மணிக்குப் பறவை தலையைத் தூக்கி அவள் விரலைக் கடிக்க வந்தது. பாதி அளவு மருந்து விட்டாள். அது அடங்கியதும் வளையத்தை வெட்டி எடுத்தாள். ஆனால் காலில் ரத்தம் ஓடவில்லை. மூன்றாம் நாள் அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அழைத்துப்போக வந்த சுமலதா கேட்டாள்: "அன்னிக்கி காலையிலயே வெட்டியிருந்தா கால் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்."

"அப்ப நான்தான் கெடுத்துட்டேன்."

"நீங்க உண்மைய சொன்னதாலதான் உயிரோட இருக்கு. அன்னிக்கி நீங்க சொல்லலன்னா நானே கொன்னிருப்பேன்." கூண்டைச் சுமலதாவின் பக்கம் நகர்த்தினாள். "முன்ன ஒரு புறாவ அப்படித்தான் கொன்னேன்."

கூண்டுக்குள் பறவை ஒற்றைக் காலால் கம்பியைப் பற்றப் பார்த்துச் சரிந்தது. தாங்கிப் பிடிக்கச் சுமலதா கையை உள்ளே விட்டாள். அது மிரண்டு மூலைக்கு நகர்ந்தது.