தில்லைக்கரசியைப் பார்க்க வந்த அலை

அலைச்சறுக்குப் பழக முதல் தடவையாக இலங்கைக்குப் போகிறவர்களை, அங்கிருக்கும் அலைகளில் ஒன்று முன்கூட்டியே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும். பழகினவர்கள் எந்த அலையிலும் ஏறிக்கொள்வார்கள், அவர்களுக்கு இந்தச் சம்பிரதாயம் கிடையாது. புதியவரை மட்டும் கடைசி நாள்வரை ஒரே அலைதான் சுமந்தாக வேண்டும். ஆள் எப்படி, குடும்பம் எப்படி என்று விசாரிக்காமல் யார் முதுகைக் கொடுப்பார்கள்?

நாமக்கல்லில் தில்லைக்கரசியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை அலை வருவதாகத் தகவல் வந்திருந்தது. அவள் கணவர் சென்னியப்பன் விடியும் முன்பே எழுந்து, டிவியைப் பரணில் ஏற்றி, சோபாவின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து, பிளக் பாயிண்டுகளின் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டினார். பஜ்ஜிக்கு உப்பில்லாமல் மாவு கரைத்ததும் அவர்தான். வந்த இடத்திலும் உப்பா என்று அலைகள் முகம் சுளிக்கும் என்று தரகர் பொன்னுரங்கம் சொல்லி வைத்திருந்தார்.

சென்னியப்பன் முட்டை வியாபாரி. மெதுவாக நடப்பார், மெதுவாகப் பேசுவார், எதையும் அடுக்கி வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். பயண ஏற்பாடு முழுவதும் அவருடையது. கிழக்குக் கரைக்கு எந்த மாதம் தோது என்று கேட்டு வைத்தார். திருப்பூரில் சொல்லி முழுக்கை வைத்த நீச்சல் உடுப்பு தைக்கச் சொன்னார். பெட்டியில் இட்லிப்பொடி, காதுக்கு விட எண்ணெய், விழுந்தால் போட மஞ்சள் எல்லாம் ஏறிவிட்டன. கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தனக்கும் ஒரு குடை வாங்கிக்கொண்டார்.

தில்லைக்கரசி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் பழகினவர்கள். பயிற்சி வண்டியில் சொல்லித் தருகிறவருக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து அதன்மேல் வலது காலை வைத்து வைத்தே அவள் வயசு போய்விட்டது. அந்தக் கால் இப்போது எதை நினைத்து அழுத்தினாலும் அது நின்றுவிடும். டவுன் பஸ்ஸில் கண்டக்டர்கள் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை தேர்த் திருவிழாவில் அவள் ஏறிய ராட்டினம் உச்சியில் நின்றுபோய், எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டை முடித்தார்கள்.

"ஒரு தடவையாச்சும் நிறுத்தாம போவோணுங்க. எங்கிட்டப் படிச்ச அத்தனை பேரும் போறாங்க. நான் மட்டும் நிறுத்திட்டே இருக்கறேன்" என்று அவள் சென்னியப்பனிடம் சொன்னாள். அவர் பயணத்துக்கு அடுக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

போன வருஷமும் ஒரு அலை வந்தது. தெருமுனை டீக்கடையில் விசாரித்ததில் ராட்டினக் கதை காதில் விழுந்து, வீட்டுப்பக்கமே வராமல் திரும்பிவிட்டது. அன்று தில்லைக்கரசி சாப்பிடவில்லை. பட்டுச்சேலையோடு சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது அலையும் வேண்டாம் என்றால் அப்புறம் அந்த வீட்டுக்கு எந்த அலையும் வராது. கரைக்குக் கரை அவை பேசிக்கொள்ளும். ஆகவே இந்தத் தடவை சென்னியப்பன் டீக்கடைக்காரரைக் குடும்பத்தோடு பழனிக்கு அனுப்பி வைத்திருந்தார்.

அலை சொன்ன நேரத்துக்கு வந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம் குடாவிலிருந்து வருகிற அலை. திருச்சி பஸ்ஸில் வழி நெடுக நின்றுகொண்டே வந்திருந்தது, அலைகளுக்கு உட்காரத் தெரியாது. இடுப்பளவு உயரம், இளம்பச்சை நிறம், உச்சியில் நுரையை வகிடெடுத்து வாரியிருந்தது. பின்னாலேயே தரகர் பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நுழைந்தார்.

"வாங்க, வாங்க. பிரயாணம் சௌகரியங்களா?" என்றார் சென்னியப்பன்.

"ஓம். கரூர்க்காரர் ஒருத்தர் என்னில சாஞ்சு நித்திரை கொண்டுட்டார். நல்ல மனுசன்" என்றது அலை. அன்பளிப்பாகக் கொண்டுவந்த தேங்காயையும் உயிரோடிருந்த ஒரு நண்டையும் டீப்பாயில் வைத்தது.

தில்லைக்கரசி தட்டோடு வந்தாள். அலை ஒரு பஜ்ஜியை உள்ளே இழுத்துச் சுழற்றிப் பார்த்து, ருசியாக இருப்பதாகச் சொன்னது.

"நீந்துவீங்களா?"

"கெணத்துல நீந்துவேனுங்க."

"கிணத்துத் தண்ணி நல்ல பிள்ளை. சொன்னது கேக்கும். கொஞ்சம் எழும்பி நின்டு காட்டுங்க பாப்பம்."

பாடச் சொல்கிற வழக்கத்துக்குப் பதில் இது. தில்லைக்கரசி துணி தேய்க்கிற பலகைமேல் குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, ஒரே துள்ளில் எழுந்து நின்றாள். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் பழக, சென்னியப்பன் எதிரே நின்று தாங்கப் பழகிய துள்ளல்தான். இன்றைக்குத் தாங்க வேண்டியிருக்கவில்லை. பொன்னுரங்கம் கைதட்டினார்.

"அம்மிணி பலே கெட்டிங்க. ஒரு சுத்துப் போயிப் பாத்தரலாமுங்களா?" என்று அலையிடம் கேட்டார்.

அலை பலகையோடு அவளைத் தூக்கிக்கொண்டது. ஹாலிலிருந்து பூஜை அறை வாசலைத் தொட்டு, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போனது. தில்லைக்கரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணம் ஆன புதிதில்கூட அவள் இப்படிச் சிரித்துச் சென்னியப்பன் கேட்டதில்லை. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியது. "அப்படித்தான் புள்ள, அப்படித்தான்!" என்று கத்திக்கொண்டே கையிலிருந்த காபியை நண்டின்மேல் கொட்டினார்.

எதிரே ஃபிரிட்ஜ் வந்தது. தில்லைக்கரசியின் வலது கால் அழுத்திவிட்டது.

அலை நின்றது. சுருண்டது சுருண்டபடி, தெறித்த துளி தெறித்த இடத்தில், ஒரு பஜ்ஜி பாதி முங்கியும் பாதி முங்காமலும் அப்படியே நின்றது. மேலே தில்லைக்கரசி இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றாள்.

"எனக்கு இப்பிடி ஒரு நாளும் நடந்ததில்ல" என்றது அலை, கூச்சத்தோடு.

நின்றுபோனதைத் தள்ளிக் கிளப்புவது நாமக்கல்லில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. எதிர் வரிசையிலிருந்து லாரி ஓட்டுநர்கள் வந்தார்கள், பக்கத்து வீட்டு மருதாயி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். "ஏலேலோ" என்று எல்லோரும் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். ஃபிரிட்ஜ்தான் நகர்ந்தது.

"அம்மிணி காலை எடுக்கோணுமுங்க" என்றார் பொன்னுரங்கம். "இல்லீனா இவங்க ஊருக்குப் போயி என்ன சொல்லுவாங்க? வேண்டாம்னுதான் சொல்லுவாங்க."

"எடுக்க வரமாட்டேங்குதுங்க" என்றாள் தில்லைக்கரசி. அவள் சென்னியப்பனைப் பார்த்தாள். "ஏனுங்க, நான் எடுத்துட்டா அப்பறம் பிரேக்குல யாருங்க இருக்கறது? யாராச்சும் இருக்கோணுமல்லங்க?"

அது நியாயமான கேள்வி. சென்னியப்பனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஊருக்கே கற்றுக் கொடுத்தவளின் புருஷன் சைக்கிளுக்குக்கூடப் பயப்படுகிறவர். அவர் ஒரு நாற்காலியை இழுத்து வந்து, பயிற்சி வண்டியில் அவள் உட்காருவதுபோல அலைக்கு இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை முன்னால் நீட்டினார்.

"நான் இருக்கறேன் புள்ள. நீ காலை எடு."

அவள் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, புதிதாகப் பழகுகிற பிள்ளை வண்டியை முதன்முதலாகச் சரியாகத் திருப்பும்போது அவள் வழக்கமாகச் செய்வதுபோல, குதிகாலை மெல்லத் தூக்கினாள்.

சென்னியப்பனின் உள்ளங்காலுக்குக் கீழே ஏதோ வந்து உட்கார்ந்தது. அலை ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பி, ஹாலைக் கடந்து வாசல் வழியாக இறங்கியது.

"எனக்குச் சம்மதம்!" என்று அது தெருவிலிருந்து குரல் கொடுத்தது. "வந்தது வந்தாச்சு, கையோட கூட்டிக்கொண்டு போறன்!"

மருதாயி ஓடிப்போய், பஸ்மேல் ஏற்றுவதுபோல, பெட்டியை மேலே தூக்கிக் கொடுத்தாள். பாஸ்போர்ட்டை லாரி ஓட்டுநர் ஒருவர் வீச, தில்லைக்கரசி எட்டிப் பிடித்தாள். சிக்னலில் பச்சை விழுந்தது. அவள் சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

எல்லோரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். சென்னியப்பன் மட்டும் காலை அழுத்தாமலும் எடுக்காமலும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எடுத்த காரியம் முடிந்துவிட்டது. குடைதான் மூலையில் சும்மா சாய்ந்திருந்தது.

மத்தியானத்துக்கு மேல் ஜன்னலில் வேப்பமரம் பின்னால் போவதைப் பார்த்தார். அதற்குப் பிறகு மருதாயி வீடும் போனது. இத்தனை வருஷமும் தில்லைக்கரசி காலடியில் நின்றுகொண்டிருந்த வீடு, அவள் காலை எடுத்ததும் கிளம்பியிருந்தது. திருச்சி ரோட்டில் அது இடது ஓரமாக, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. தொட்டியத்தில் ஒருவர் ஜன்னல் வழியாக டீ கொடுத்தார். முசிறி தாண்டும்போது காவிரிக் காற்று வீசியது.

அங்கேதான் போன் வந்தது. பின்னால் பெரிய இரைச்சல்.

"ஏனுங்க, நான் போயிட்டே இருக்கறேனுங்க! நிக்கவே இல்லீங்க!" என்று கத்தினாள் தில்லைக்கரசி. "அழுத்தீராதீங்க! நீங்க அங்க அழுத்துனா இங்க நின்னுபோயிருங்க!"

"இல்ல புள்ள."

"வீட்டுல எல்லாம் அப்படியே இருக்குதுங்களா?"

"எல்லாம் அப்படியேதான் இருக்குது" என்றார் சென்னியப்பன். பரணில் டிவி இருந்தது. டீப்பாயில் நண்டு இருந்தது.

போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. வீடு கிழக்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், அதற்கு மேல் ரோடு இல்லை, கடல்தான். அவர் எழுந்து போய்க் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு வலது காலை மடக்கி, இடது காலையும் மடக்கி, நாற்காலியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.