இறாலில் முதல் கை

1

இந்தக் கதை ஒரு சஹனில் கிடைத்தது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் அந்தப் பெரிய தட்டில் சோறு குறைந்துகொண்டே போனது. நடுவிலிருந்த இறால் பொரியல் மட்டும் அப்படியே இருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘புத்தளம் களப்பின் மேல் மாலைச் சூரியன்...’

வேண்டாம். வலீமா, கல்யாண விருந்து, பகலில் நடந்தது.

2

மாப்பிள்ளை ஸப்ரான் என் மனைவி நிஸ்மியாவின் தம்பி. உச்சமுனைப் பக்கம் களப்பில், அந்தக் கடலோர உப்பேரியில், இறால் பிடிப்பவன். அந்த வாரம் எல்லாருடைய போனிலும் ஒரு வீடியோ: களப்பு இறால் தின்றால் நாக்கு மரத்துப்போகுமாம். சொன்னவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். இறால் விலைப்படவில்லை. ஸப்ரான் தான் பிடித்ததையே தன் வலீமாவுக்குப் போட்டான்.

“ஊர்ச்சனமெல்லாம் ஒரே எடத்துல இரிக்கிற நாள் மச்சான். இங்க மிஞ்சினா பொறகு ஒருத்தனும் வாங்க மாட்டான்.”

(நிஸ்மியா இருந்திருந்தால்*

* போன வருடம் மௌத்தானாள். அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

3

“நான் அந்த வீடியோவ நம்பல்ல,” என்றார் தென்னந்தோட்டக்கார அத்தாஉல்லா நானா, கத்தரிக்காயை எடுத்தபடி. “சனந்தான் பாவம், நம்பிப்போகும்.”

“ஓம் நானா. என்ட பொஞ்சாதி நம்புறா,” என்றான் ஆட்டோ ஓட்டும் ஹஸ்மி.

“அப்ப நீ ஒண்டு எடு.”

“எடுத்தா அவ ஒரு கிழமைக்கு என்ட நாக்கப் பாத்துட்டு இரிப்பா.”

நான் வெகுசனத் தொடர்பாடல் படித்தவன். ஊடகம் மக்களை எப்படி ஆட்டிவைக்கிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். மக்கள் என்று எழுதியபோதெல்லாம் என்னைத் தவிர்த்தே நினைத்தேன். அந்தச் சஹனில் ஆறு பேரும் அப்படித்தான். நம்பியவர் ஒருவருமில்லை. இறாலும் குறையவில்லை.

4

பந்தலோரத்தில் ஸப்ரான் மாப்பிள்ளைக் கோட்டுக்குள் வியர்த்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வரைவில் நான் எழுந்து உரையாற்றினேன். அடித்துவிட்டேன். இரண்டாவதில் ஹஸ்மி துணிந்து சாப்பிட்டான். அவன் வாசித்தால் சிரிப்பான். நடந்தது இதுதான்: ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டேன்.

ஐந்து பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

“என்ன மாதிரி?” என்றார் நானா.

நாக்கை மெதுவாகப் பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோவை நம்பாத நான்.

உறைத்தது. கண்ணில் நீர் வருமளவுக்கு. ஒரு வருடமாக எந்தச் சாப்பாடும் உறைத்ததாக ஞாபகமில்லை.

“உறைப்பு கூட,” என்றேன்.

“அது சமையல்காரன்ட பிழை,” என்று ஹஸ்மி கையை நீட்டினான்.

5

சஹன் காலியானது, ஸப்ரான் சிரித்தான் என்று முடிக்கலாம். ஆனால் அச்சில் வந்தால் வாசகர்கள் அப்படியே நம்பிவிடுவார்கள். ஹஸ்மியின் கையை நடுவிலேயே விடுகிறேன். மீதியை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

வாசகர்கள் என்றேனே, உங்களைச் சொல்லவில்லை.