சலோமே அத்தையின் குழி

"குதிகால்ல அழுத்திப் பிடிச்சுக்கோங்க மாமா" என்று சொல்லிவிட்டு, தபேயா கயிற்றை அப்பாவின் முழங்கால், இடுப்பு, மார்பு என்று மேலே இழுத்துக்கொண்டு போனாள். உச்சந்தலை வந்ததும் அங்கே ஒரு முடிச்சுப் போட்டாள். காலடியில் குனிந்திருந்த எஃப்ராயிம் மாமா நிமிர்ந்து, கயிற்றை மடித்து அளவுகோலில் வைத்துப் பார்த்தார்.

"ஆறடி மூணு அங்குலம். பெட்டி ஆறே முக்கால் வேணும்." மாமா மூக்கைச் சொறிந்தார். "குழி அஞ்சரைதான் இருக்கு தபேயா."

அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். வருடா வருடம் அக்டோபரில், பனியில் மண் உறைந்து இறுகுவதற்கு முன்னால், குன்றின்மேல் இரண்டு குழிகள் வெட்டிப் பலகை போட்டு மூடி வைத்துவிடுவார்கள். அதன் பிறகு ஜூன் வரை அந்த மண்ணில் கடப்பாரையும் இறங்காது. பத்தொன்பது வருடமாக வெட்டி வந்தவர் அப்பா போவாஸ்தான். முதல் குழி கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒரு மீனவருக்குப் போய்விட்டது. இரண்டாவது, தொண்ணூற்றொரு வயது சலோமே அத்தைக்கு. அத்தை கிறிஸ்துமஸைப் பார்க்கமாட்டாள் என்று செவிலி செப்டம்பரிலேயே சொல்லியிருந்தாள். தூறல் வேறு, வலையில் மீன் வேறு காத்திருந்தது. அப்பா ஐந்தரை அடியோடு மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். "அத்தை நாலடி பத்துதானே. புரண்டுகூடப் படுக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

அத்தை கிறிஸ்துமஸையும் தாண்டினாள், புதுவருடத்தையும் தாண்டினாள். அப்பாதான் நேற்றுக் காலை தான் வேலை பார்க்கும் மின்நிலையத்தில் எந்திரத்துக்கு எண்ணெய் மாற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஊரில் ஒரு விளக்கும் இமைக்கவில்லை. மதியம்வரை யாருக்கும் தெரியாமல் போனதும் அதனால்தான்.

"சரக்குக் கொட்டகையில வச்சிடலாம். ஜூன்ல மண்ணு இளகினதும்..." என்று மாமா ஆரம்பித்தார்.

"அங்க வேணாம் மாமா."

விமான ஓடுதளத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கொட்டகைதான் தபேயாவின் வேலையிடம். வாரத்தில் நான்கு நாள் சிறு விமானம் வரும். ரொட்டி, தபால், மருந்து, எந்திர பாகம் எல்லாவற்றையும் அவள்தான் இறக்கி அடுக்குவாள். இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன ஒரு கிழவர் பிப்ரவரியிலிருந்து ஜூன்வரை அங்கே கிடந்தார். அவருக்குத் தினமும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் அவள் ரொட்டிப் பெட்டிகளை அடுக்குவாள். அது வேறு. விமானம் வரும் இரண்டு மணிக்கு ஃபிளாஸ்கோடு அந்தக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, "குளிருதா குட்டி?" என்று கேட்டபடி நுழைகிறவர் அப்பா.

"அப்போ அத்தைகிட்டப் போய் யாரு கேக்கறது?" என்ற மாமா, காதில் சொருகியிருந்த பென்சிலைச் சட்டைப்பையில் தேட ஆரம்பித்தார்.

தபேயா கயிற்றைச் சுருட்டிக் கோட்டுப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இரண்டு மணி விமானம் வந்தது. வியாழன் மாலை பெரிய காற்று வரும், அதற்கப்புறம் நாலு நாளைக்கு எதிர்பார்க்க வேண்டாம் என்றார் விமானி. பிறகு தொப்பியைக் கழற்றி அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். இன்றைக்குச் செவ்வாய். பெட்டிகளை இறக்கி முடித்ததும், அத்தையின் பெயர் எழுதிய மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள்.

அத்தை மேசையில் தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

"வா வா. ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ரெண்டு தரம் வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறே. கதவு என்ன கடிக்குதா?"

"மாத்திரை வந்திருக்கு அத்தை."

"அங்க வை."

ஜன்னல் விளிம்பில் ஏற்கெனவே நான்கு பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் இருந்தன. அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி.

"ஏன் அத்தை இப்படி?"

"எதுக்குடி வீணா? எனக்குத்தான் இடம் தயாரா இருக்கே." அத்தை ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டாள். தபேயா தன் காலணியிலிருந்து பனி உருகி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லித் தொலை. தொண்டையில மீன் முள்ளு மாட்டிக்கிட்டவ மாதிரி நிக்காதே."

"உங்க குழி அத்தை..."

"குடுத்தாச்சு. மேல சொல்லு."

தபேயா பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "அது பத்தாது அத்தை. அப்பா உங்க அளவுக்கு..."

அத்தை அவளையே பார்த்தாள். பிறகு தோள் குலுங்கியது. சிரிப்புதான். அது இருமலாகி, மறுபடியும் சிரிப்பானது.

"மரமண்டை! அன்னைக்கு என்னை வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி, 'கடல் தெரியுது பாத்தீங்களா'ன்னு பெருமையாக் காட்டினான். நான் சொன்னேன்டி, 'இன்னும் ஒரு அடி வெட்டுடா போவாஸ், அரைகுறையா இருக்கு'ன்னு. 'நீங்க என்ன இனிமே வளரவா போறீங்க'ன்னான். இப்ப யாரு காலை மடக்கறதாம்?"

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் புறங்கை சற்று நேரம் அங்கேயே இருந்தது.

"நெருப்புப் போட்டு மண்ணை இளக்கணும்" என்றாள் கடைசியில். "எவ்வளவு விறகு கேட்டான் எஃப்ராயிம்?"

"ஒண்ணரை அடி நீட்டணும். நாளை முழுக்க அணையாம எரியணும்னாரு."

"பின்னாடி என் விறகு இருக்கு. எடுத்துக்கோ."

"பிப்ரவரி அத்தை இது. அப்புறம் உங்களுக்கு?"

"எல்லாம் போவாஸ் பொளந்து அடுக்கினதுதான். அவனுக்கே போகட்டும், போ."

குன்றின்மேல், பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாயைக் கவிழ்த்து அதற்கடியில் நெருப்பை மூட்டினார்கள். அத்தையின் விறகு மேலே போவதைப் பார்த்த பிறகு யாரும் சும்மா இருக்கவில்லை. பழைய படகின் பலகைகள் வந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து கால் உடைந்த பெஞ்சு ஒன்று வந்தது. தபேயா கொட்டகையில் கிடந்த, சரக்கு வந்த மரச்சட்டங்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போனாள். இளகிய மண்ணை நாலு விரல் ஆழத்துக்குச் சுரண்டுவார்கள். பிறகு மறுபடியும் பீப்பாய், மறுபடியும் நெருப்பு. "உயரமா வளர்ந்து உசிரை வாங்கறான்யா" என்று வைதுகொண்டே மாமா முழங்காலிட்டுச் சுரண்டினார். புதன் முழுக்கக் குன்றிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

வியாழன் நண்பகல் பெட்டி இறங்கியது. தலைப்பக்கம் மூன்று விரல், கால்பக்கம் மூன்று விரல் இடம் மிச்சம் இருந்தது. தேவாலயத்து வாத்தியக்காரர்கள் ஊதுகுழல்களைக் கோட்டுக்குள் வைத்துச் சூடேற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அடித்தொண்டையில் முனகும் பெரிய கொம்பை எப்போதும் ஊதி வந்தவர் அப்பா. அதை வேறு யாரும் எடுக்கவில்லை. பாட்டில் அது மட்டும் தனியாக ஒலிக்க வேண்டிய இடம் வந்தபோது, மற்றவர்கள் குழலை இறக்கிக்கொண்டு அத்தனை நேரமும் காத்திருந்தார்கள். காற்று மட்டும் கேட்டது. பிறகு எல்லோரும் சேர்ந்து அடுத்த வரியை எடுத்தார்கள்.

பனிச்சறுக்கு வண்டியில் மூன்று கம்பளிக்குள் உட்கார்ந்திருந்த அத்தை எட்டிப் பார்த்தாள். "நல்லா வெட்டியிருக்கீங்க. எனக்குன்னா இந்த அக்கறை வராது."

"நீங்க செத்துக் காட்டுங்க, வெட்டறோம்" என்றார் மாமா.

"ஆசைதான்."

சாயங்காலத்துக்குள் காற்று ஏறிவிட்டது. தபேயா அப்பாவின் விறகடுக்கிலிருந்து ஒரு வண்டி விறகைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் அத்தையின் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கினாள். நிமிர்ந்தபோது ஜன்னல் விளிம்பு கண்ணில் பட்டது. அக்டோபர் பொட்டலம் பிரிந்து கிடந்தது.

"அது பழசு அத்தை. புதுசைப் பிரிங்க."

"எல்லாம் ஒரே கசப்புதான்" என்றாலும், அத்தை பிப்ரவரியைப் பிரித்தாள். இரண்டு மாத்திரைகளைத் தேநீரோடு விழுங்கி முகத்தைச் சுளித்தாள். "ஜூன்வரைக்கும் போக இடமில்லையே, என்ன பண்றது. உன் கொட்டகையில ரொட்டிக்கு நடுவுல என்னால படுக்க முடியாதும்மா." பிறகு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவோடு ஒட்டி நின்றாள். "அந்தக் கயிறு வச்சிருக்கியா? இப்பவே அளந்துக்கோ. மறுபடியும் எவனாவது கண்ணளவுல வெட்டிடப் போறான்."

தபேயா பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். நுனியைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு மேலே இழுத்தாள்.

"குதிகாலைத் தூக்காதீங்க அத்தை."

"தூக்கலையே."

"தூக்கறீங்க."

அத்தை மெல்ல இறங்கினாள். நரைத்த உச்சியில் கயிற்றைப் பிடித்து, தபேயா இன்னொரு முடிச்சுப் போட்டாள். அதற்கு மேலே, அப்பாவின் முடிச்சுவரை கயிறு மிச்சமிருந்தது.

"அந்த மிச்சத்தை வெட்டிடு. குழப்பிக்கப் போறாங்க. கத்தி மேசையில இருக்கு பாரு."

"இருக்கட்டும் அத்தை" என்றாள் தபேயா. அந்த ஒன்றரை அடிக் கயிற்றைத் தன் உள்ளங்கையைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி முடிச்சை விரல்களுக்குள் மூடிக்கொண்டு, இன்னொரு கையால் கெட்டிலை எடுத்து அடுப்பின்மேல் வைத்தாள்.