கொம்பிரசர் எரிந்த காரணம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. தன் மனைவி மரியநாயகியின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி அருட்பிரகாசம் அண்ணை கேட்டார். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கலியாண அட்டையும் நினைவு மலரும் வடிவமைக்கிற அச்சகத்தில் எனக்கு வேலை. ஊரார் துக்கத்தையெல்லாம் பக்கத்துக்குள் அடக்கிக் கொடுக்கிற எனக்கு, என் பக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

முதல் தொடக்கம்: "மன்னாரில் பிறந்து, பாரிசில் வாழ்ந்து, எல்லோரிடமும் அன்பாக…" (போன மாதம் இன்னொருவருக்கும் இதையே போட்டேன். வேண்டாம்.)

இரண்டாவது: "அந்தப் பழைய கம்பிங் கார்…" (இதுதான். பயமாக இருக்கிறது. ஆனாலும் இதுதான்.)

2

உள்ளே கட்டிலும் அடுப்பும் உள்ள வண்டி. வயது முப்பத்தைந்துக்கு மேல். நோய் எலும்புக்குள் இறங்கிய பிறகு மரியநாயகி அக்காவால் ரயிலில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பிரான்சின் தெற்குக் கோடியில் இருக்கிற லூர்து மாதாவை ஒருதரம் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. மணிக்கொருதரம் நிறுத்திப் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம் என்று அண்ணை அந்த வண்டியைத் தேடிப்பிடித்தார். பின்சில்லுகளுக்கு மேலே இரும்பு வில்லுக்குப் பதிலாக ரப்பர் காற்றுப்பைகள் இருந்தன. அவற்றுக்குக் காற்றடிக்க ஒரு கொம்பிரசர். வண்டி குலுங்காது என்பதில் அண்ணைக்குப் பெரிய ஆறுதல்.

புறப்பட்ட அன்று, சொல்லிவிட்டுப் போக எங்கள் அச்சக வாசலில் நிறுத்தினார்கள். பக்கத்துக் கடைக்காரர் பொன்னம்பலம் தேங்காயோடு வந்தார். மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர் வண்டியானால் என்ன, நல்லபடி போய்வர வேண்டாமா? முன்னால் இன்னொரு கார் ஒட்டி நின்றதால், பின்சில்லடியில் ஓங்கி உடைத்தார். கோயில் தேர் நாளில் தெரு முழுக்கத் தேங்காய் உடைபடுகிற இடம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணையின் மகள் றஜனி சிரட்டைத் துண்டுகளைக் கூட்ட வந்தாள். வண்டி வெளிக்கிடும்வரை கூட்டக்கூடாது என்று பொன்னம்பலம் தடுத்துவிட்டார்.

(பொன்னம்பலத்தில் எனக்குச் சந்தேகம். ஆள் எழுத்தில் எழும்பி நிற்கிறார் இல்லை. எனக்கு அவருடைய முகமே தெரியவில்லை.)

3

பாதி வழியில் உள்ள லிமோஜுக்கு முன்னமே வண்டியின் பின்பக்கம் சரிந்தது. கொம்பிரசர் ஓயாமல் கத்தி, கடைசியில் எரிந்து மணத்தது. இழுவை வண்டியில் திரும்பி வந்தார்கள். பரவாயில்லை, திருத்திப்போட்டுப் போவம் என்று அக்காதான் மற்றவர்களைத் தேற்றினாராம்.

பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருக்கிற சேந்தன் விமான நிலைய பஸ்கள் திருத்துகிறவன். அந்த வண்டிக்குப் புதுக் கொம்பிரசர் எங்கும் கிடைக்கவில்லை. எரிந்ததையே கழற்றி, மோட்டாரும் பிஸ்டன் வளையமும் தேடி மாற்றினான்; ஒரு காற்றுப்பையையும் மாற்றினான். மூன்று கிழமை போயிற்று. வண்டி நிமிர்ந்து நின்ற அன்று அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழும்ப முடியாமல் கிடந்தார்.

சேந்தன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"கொம்பிரசரிலை பிழை இல்லை அண்ணை. காத்துப்பை மடிப்புக்குள்ளை சிரட்டைத் துண்டு ஒண்டு. ஓட ஓட ரப்பரை அறுத்திருக்கு. போற காத்துக்கு ஈடுகுடுத்துத்தான் அது எரிஞ்சது."

அருட்பிரகாசம் அண்ணையிடம் ரப்பர் பழசு என்று சொல்லிவிட்டானாம். மனிசி இப்படிக் கிடக்கிற நேரம் வேறொன்றும் சொல்லவேண்டாம் என்றான். நான் தலையாட்டினேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

4

முடிவுகள்.

(அ) வண்டி லூர்து போய்ச் சேருகிறது. அக்கா ஊற்றுத் தண்ணீரில் கையை… (அழித்துவிட்டேன். அழுகை வருகிறது.)

(ஆ) ரப்பர் பழசு. யார் மேலும் குற்றமில்லை. நினைவு மலருக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது.

ஆ முடிவோடு பக்கத்தை வடிவமைத்தும் விட்டேன். இன்று காலை மலருக்கு அண்ணை எழுதிய பக்கத்தை றஜனி கொண்டுவந்து தந்தாள். கையால் எழுதியது. தட்டச்சுச் செய்ய உட்கார்ந்தேன்.

"பழைய வண்டியை நம்பி உன்னை நடுவழியிலை கிடத்திப்போட்டன். உன்ரை கடைசி ஆசையை நான்தான் கெடுத்தன். என்னை மன்னிச்சுக்கொள்."

அதை அப்படியே நிறுத்திவிட்டு இந்தத் தாள்களை எடுத்தேன்.

5

பொன்னம்பலம் என்று ஒருவரும் இல்லை. தேங்காய் உடைத்தவன் நான். கூட்டவந்த றஜனியைத் தடுத்துச் சட்டம் பேசியவனும் நான். அன்பில்தான் செய்தேன் என்று ஒரு வாக்கியம் எழுதி… (உண்மைதான். ஆனால் இங்கே அது தப்பிக்கிற சாட்டு.)

இந்தக் கதைக்கு ஒரேயொரு வாசகரைத்தான் நினைத்திருக்கிறேன். அது நீங்கள்தான், அருட்பிரகாசம் அண்ணை. தேங்காயை நான் உடைத்ததை நீங்கள் கண்டீர்கள். அது என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான்.

மலர் நாளை மத்தியானம் அச்சுக்குப் போகிறது. எந்தப் பக்கம் போவது, எது போகக்கூடாது என்று முடிவுசெய்ய எனக்கு உரிமையில்லை. இந்தத் தாள்களைச் செவ்ரானில் உங்கள் வீட்டுக்கு நானே கொண்டுவந்து உங்கள் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டிருக்கிறேன். ஆறுதலாக வாசியுங்கோ. நான் போகவில்லை அண்ணை, வெளியில்தான் நிற்கிறேன்.