மாதிரி வீட்டில் அரை மணி நேரம்

விசில் டீச்சருக்கு முட்டி வலி என்று யாராவது சொன்னால் அவருடைய பழைய மாணவிகள் நம்பவே மாட்டார்கள். முப்பத்து நாலு வருஷம் பள்ளி மைதானத்தில் விசிலும் கையுமாக நின்று பெண்பிள்ளைகளை ஓட ஓட விரட்டியவர். எழுபத்தொரு வயதில் படியேறும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறார் என்பது கூடப்பிறந்த தம்பிக்கே தெரியாது. வீம்பு ஐயா, வீம்பு!

தம்பி வீட்டில்தான் இருந்தார். தம்பி தங்கம் என்றால் தம்பி மனைவி சொக்கத்தங்கம். ஆனால் குளிக்கப் போனால் வரிசை, படுக்கப் போனால் டிவி சத்தம். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்தால் போதும், "என்னக்கா கோவம்?" என்று நாலு பேர் ஓடி வருவார்கள். நல்லவர்களோடு இருப்பதும் ஒரு பாடுதான். தன் கதவைத் தானே சாத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் டீச்சரின் ஆசை. வெளியே வாடகைக்குப் பார்த்தால் பென்ஷன் மொத்தமும் அதற்கே போய்விடும். அதனால்தான் தனியாக வாழும் முதியோருக்குக் குறைந்த வாடகையில் அறுபது வீடு கட்டப்போவதாக மாநகராட்சி அறிவித்த அன்றைக்கே மனுப் போட்டார்.

நாலு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கட்டடம் எழும்புவதற்கு முன்பே மாநகராட்சிக் கூடத்துக்குள் பிளைவுட்டில் ஒரு மாதிரி வீடு செய்து வைத்திருக்கிறார்களாம். அதில் அரை மணி நேரம் புழங்கிப் பார்க்க வரவேண்டுமாம். 'பிறர் உதவியின்றிப் புழங்க இயல்கிறதா என அறியும் பொருட்டு' என்ற வரியை டீச்சர் இரண்டு தடவை படித்தார். பரீட்சை! இரண்டாம் பக்கத்தில் பொடிப்பொடியாக இன்னும் என்னவோ இருந்தது. அதை யார் படித்தார்கள்?

கூடத்தின் வெளியே இருபது பேர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய்விட்டு வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் "பிரமாதம், ஒரு குறையுமில்ல" என்று சொல்லிவிட்டு வேகுவேகென்று நடையைக் கட்டினார்கள். டீச்சர் மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கிவிட்டு எழுந்தார்.

மாதிரி வீட்டுக்குக் கூரை இல்லை. வாசலில் காகிதத்தோடு ஒரு பெண் இன்ஜினியர், ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் செலவுகளைச் சரிபார்க்கும் அதிகாரி. டீச்சர் அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டு ஆளுக்கொரு கோப்பை கொடுத்தார். கால்விரலில் எக்கி மேல் அலமாரியில் பாத்திரத்தை வைத்தார். முட்டியில் யாரோ ஆணி அடித்தார்கள். சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"கடைசியா பாத்ரூம் மட்டும் பார்த்துடுங்க டீச்சர்," என்றார் இன்ஜினியர்.

கதவைச் சாத்திக்கொண்டு, மூடியிருந்த கம்மோடின் மேல் உட்கார்ந்து பார்த்தார். குள்ளமான கம்மோடு. உட்கார்ந்தாகிவிட்டது. எழுந்திருக்க வேண்டுமே! ஒரு தடவை உந்தினார். ஊஹும். இன்னொரு தடவை. ஊஹும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி உண்டா, ஒரு ஆணி உண்டா? வழவழவென்று சுவர்தான். வெளியே பேச்சுக்குரல். வியர்த்துக் கொட்டியது. சரி, ஆனது ஆகட்டும் என்று பக்கச் சுவரில் கையை ஊன்றி மொத்த பாரத்தையும் அதன் மேல் போட்டார்.

தடால்!

சுவர் முழுசாக வெளிப்பக்கம் சாய்ந்து விழுந்தது. டீக் கோப்பையோடு அதிகாரி துள்ளி விலகினார். நட்டநடுக் கூடத்தில், கம்மோடு மேல், பட்டாபிஷேகத்துக்கு உட்கார்ந்த மாதிரி டீச்சர்.

"அய்யய்யோ, அடி பட்டுச்சா டீச்சர்?" இன்ஜினியர் ஓடி வந்தார்.

"இல்லம்மா, தரை ஈரம், வழுக்கிடுச்சு." தரை காய்ந்து கிடந்தது.

"உங்களால எந்திரிக்க முடியுதா, இல்லையா?" என்றார் அதிகாரி.

குட்டு வெளிப்பட்டுவிட்டது. டீச்சரின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "முடியல சார். அதுக்காக வீடு இல்லன்னு சொல்லிடாதீங்க. ஒரு மாசம் டைம் குடுங்க, பயிற்சி செஞ்சு சரி பண்ணிக்கிறேன்."

இன்ஜினியர் விழித்தார். "வீடு இல்லன்னு யாரு சொன்னா? குலுக்கல் போன மாசமே முடிஞ்சுதே. பேர் விழுந்த அறுபது பேருக்குத்தான் இந்தக் கடிதமே அனுப்பினோம். ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கோமே, பார்க்கலையா? வீடு உங்களுதுதான் டீச்சர்!"

"அப்போ இந்தப் பரீட்சை?"

"எங்க வீடு தேறுதான்னு நீங்க சொல்றதுக்கு! இதுவரைக்கும் முப்பத்தேழு பேர் வந்தாங்க. அத்தனை பேரும் பிரமாதம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அதைக் காட்டித்தான் சார் கைப்பிடிக் கம்பிச் செலவே வேணாம்னு வெட்டிட்டாரு. கத்திப் பார்த்தேன், கேட்டாத்தானே?"

அதிகாரி விழுந்த சுவரைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். "கம்பி போட்டுடுங்க," என்றார் மெதுவாக.

டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எத்தனை நாள் தூக்கம் போச்சு, சே! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "கை குடும்மா," என்று கேட்டு, இன்ஜினியரின் தோளைப் பிடித்து எழுந்தார். எழுந்ததும் குறைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். "அந்த மேல் அலமாரி யாருக்கு, ஒட்டகச்சிவிங்கிக்கா? கம்மோடை ஒரு சாண் உசத்துங்க. குழாயைத் திருகத் தனியா ஒரு பயில்வான் வேணும்." இன்ஜினியர் பேனாவை நிறுத்தாமல் எழுதினார்.

பிறகு டீச்சர் வெளிக்கூடத்துக்கு வந்தார். எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

"இங்க பாருங்க," என்றார் மைதானத்துக் குரலில். "எனக்கு முட்டி போயி ரெண்டு வருஷமாச்சு. உள்ள உக்காந்தேன், எந்திரிக்க முடியல. சுவரையே தள்ளி விட்டுட்டேன். அப்படியும் எனக்கு வீடு உண்டு. உங்க ஒவ்வொருத்தருக்கும் உண்டு. இது பரீட்சையே இல்ல."



"நெசமாவா?" என்றார் முன்வரிசையில் ஒரு மனிதர். நெசம்தான் என்று இன்ஜினியர் பின்னாலிருந்து தலையாட்டினார். "அப்பாடா!" என்று அந்த மனிதர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். மூலையிலிருந்து இன்னொரு அப்பாடா. பக்கத்தில் ஓர் அம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இவ்வளவு நேரமும் முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்த அந்தக் கைகள் நடுங்கின. இப்போது அவர் அதை மறைக்கவில்லை.