தட்டக் கூடாத தொட்டி

முதுகு நிமிர மாட்டேன் என்றது. எஞ்சின் அறையின் கூரை அவன் நெஞ்சு உயரம்தான். விடிந்ததிலிருந்து அதற்குள் குனிந்தே கிடந்ததில் இடுப்புக்குக் கீழே காய்ச்சிய கம்பியை வைத்து இழுத்தது போல எரிந்தது. மண்டிபோட்டுப் பார்த்தான், மல்லாந்து பார்த்தான். வலியும் கூடவே வந்து படுத்துக்கொண்டது.

"ஏய் பாதாளம், உசுரோட இருக்கியா?" மேலே இருந்து சமையல்காரர் கத்தினார். "சோறு ஆறிப்போச்சு. மீனுக்குப் போடலாம்னா நம்ம கப்பல்ல அதுவும் குத்தம்."

"வர்றேண்ணே, ஒரு நட்டு முறுக்கிட்டு."

"எனக்கும் ஒண்ணு முறுக்கு. மூளையில லூசா ஆடுது."

கப்பலில் எல்லோருக்கும் அவன் பாதாளம்தான். எஞ்சின், பம்பு, குழாய், கழிவுத் தொட்டி எல்லாம் அவன் பொறுப்பு. பன்னிரண்டு விருந்தினர்களுக்கான சின்னக் கப்பல். பவளப்பாறை நொறுங்கும் என்று இந்தக் கப்பல் நங்கூரம் போடுவதில்லை, மிதவையில் கட்டித்தான் நிற்கும். தீவில் கால் வைக்குமுன் ஒவ்வொருவர் செருப்பையும் கழுவித் துடைப்பார்கள், வெளியூர் விதை ஒட்டிக்கொண்டு போகக் கூடாதென்று. கழிவு முழுக்கத் தொட்டியில் சேரும். தீவைச் சுற்றியுள்ள பாறை வளையத்தைத் தாண்டி, ஆழ்கடலுக்குப் போன பிறகுதான் அதைத் திறந்துவிடலாம். வளையத்துக்குள் நிற்கும்வரை வால்வின் கைப்பிடியைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை வைத்திருப்பார்கள்.

இந்த விதிகளைக் கேலி செய்யாத ஒரே ஆள் அவன்தான். காரணம், மிதவையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவன் அக்காவின் சிப்பிக் கூடைகள் கயிற்றில் தொங்கின. மூங்கில் சட்டத்தில் வரிசை வரிசையாக நாற்பது கூடை. இரண்டு வருடமாக அக்கா தினமும் முங்கி, பாசி சுரண்டி, நண்டு பிடித்து எறிந்து வளர்த்தவை. முதல் பெரிய அறுவடை. நாளை மறுநாள் வியாபாரியின் ஆள் வந்து தண்ணீரையும் சிப்பியையும் சோதிப்பான். சுத்தம் என்று எழுதினால் மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள். எழுதாவிட்டால் மூன்று மாதம் யாரும் தொட மாட்டார்கள். அதற்குள் காற்றுக்காலம் வந்துவிடும். அந்தக் காற்றில் மூங்கில் நிற்காது.

அவன் படியேறும்போது வழிகாட்டிப் பெண் எதிரே ஓடிவந்தாள். விருந்தினர்களுக்குப் பறவை, பவளம் எல்லாம் காட்டி விளக்குகிறவள் அவள்.

"அண்ணா, கீழ் ரூம்ல பாத்ரூம் தரையில தண்ணி பொங்குது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தண்ணின்னு மரியாதைக்குச் சொன்னேன்."

அவன் திரும்ப இறங்கினான். அளவுமானி பாதி என்றது. மூன்று நாளாக அது பாதி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்பேனரை எடுத்துத் தொட்டியின் அடியில் தட்டினான். தொம். நடுவில் தட்டினான். தொம். கூரையை ஒட்டித் தட்டினான். அங்கேயும் தொம்மென்றுதான் கேட்டது. காலியான இடத்தில் தட்டினால் கணீரென்று வரவேண்டும். கணீர் எங்கேயும் இல்லை.

முன்பெல்லாம் காலையும் மதியமும் இப்படித் தட்டித்தான் அளவு பார்ப்பான். காது பொய் சொன்னதில்லை. போன மாதம் விருந்தினர் ஒருவர், மதியத் தூக்கத்தில் யாரோ தலையில் ஆணி அடிப்பது போலிருக்கிறது என்று எழுதிப் போட்டார். இது அமைதியான கப்பல், தட்டக் கூடாது என்று ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. கூடவே இந்த மானியும் வந்தது. நேற்று அவனுக்கே சந்தேகம் தட்டி, ஸ்பேனரை ஓங்கினான். இதே பெண் படியில் நின்று உதட்டில் விரல் வைத்தாள். "மேல கெஸ்ட் அம்மா தூங்குறாங்கண்ணா." ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

மானியின் கம்பியை உருவினான். நுனியில் இருக்க வேண்டிய மிதவைக் குண்டைக் காணோம். கழிவறையில் போடக் கூடாது என்று படம் போட்டு ஒட்டியும் விருந்தினர்கள் போட்ட ஈரத்துணித் தாள்கள், கம்பியைச் சுற்றிப் பந்தாக இறுகி முள்ளைப் பாதியிலேயே பிடித்து வைத்திருந்தன.

கேப்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதிப் படியில் நின்றார்.

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"தாங்குற நேரம் தாண்டிருச்சு, கேப்டன். எல்லா பாத்ரூமையும் பூட்டிருவோம். தண்ணி ஏறினதும் வெளிய போயிரலாம்."

"பாறைக்கு நடுவுல இருக்கிற வாய்க்கால்ல கப்பல் போற அளவுக்குத் தண்ணி ஏற சாயங்காலம் ஆகும். ஒரு பெரியவருக்குக் காலையிலேர்ந்து வயித்தால போகுது. அவருக்குப் பூட்டைக் காட்டச் சொல்றியா?"

"வாளி வெச்சுக்கலாம்."

"அவங்க கட்டின காசுக்கு வாளியா?"

"காலி டிரம்ல இறைக்கிறேன். கைப்பம்பு இருக்கு."

"இறை, பாப்போம்."

இறைத்தான். இருந்தவை நாலு சின்ன டிரம். நாலும் நிரம்பின. முதுகு இரண்டாக ஒடிந்தது. தொட்டியில் விரற்கடை அளவுகூட இறங்கவில்லை. மேலே யாரோ மறுபடி தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் குழாய் வழியாக வந்தது. பக்கத்து அறைத் தரையிலும் பொங்க ஆரம்பித்துவிட்டது என்று வழிகாட்டிப் பெண் வந்து சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

கேப்டன் ஆபீஸுக்குப் பேசிவிட்டு வந்தார். "உங்களுக்குத் தெரியாததா, பாத்துச் செய்யுங்கன்னுட்டு வெச்சுட்டான்." கையில் கம்பி வெட்டும் குறடு. அதை அவனிடம் நீட்டினார். "வெட்டு."

"கேப்டன், இப்ப தண்ணி ஏறுது. இங்க விட்டா நேரா கரைப்பக்கம்தான் போகும். அங்க எங்கக்கா கூடை கெடக்கு."

"தெரியும்."

"ஏத்தம் முடிஞ்சு தண்ணி வடியட்டும், வத்தம் ஆரம்பிக்கட்டும். அப்ப விட்டா வெளிய இழுத்துட்டுப் போயிரும்."

"வத்தம் ஆரம்பிக்கிற நேரத்துல நாம வெளிய இருப்போம்டா. அப்ப எதுக்கு விடணும்?" கேப்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்கு மட்டும் ஆசையா? நீ வெட்டலேன்னா நான் வெட்டுவேன். எனக்கு அந்த வால்வு எவ்வளவு திருகணும்னு தெரியாது. கழட்டியே போட்டுருவேன். அப்புறம் மூடவும் முடியாது."

அவன் குறடை வாங்கிக்கொண்டான். ஈய முத்திரை பல்லிடுக்குக் கடலை போல நசுங்கித் தெறித்தது. கைப்பிடியைக் கால்வாசி திருகினான். பாரம் இறங்குகிற அளவுக்கு விட்டு மூடிவிடலாம் என்று கணக்கு. வால்வுக்குள்ளும் ஈரத்துணித் தாள் சிக்கியிருந்தது. திரும்ப மூடும்போது கைப்பிடி பாதியில் நின்றுவிட்டது. தொங்கினான், உதைத்தான், ஸ்பேனரால் அடித்தான். இப்போது எவ்வளவு தட்டினாலும் யாரும் வந்து உதட்டில் விரல் வைக்கவில்லை. தொட்டி பாதிக்கும் கீழே வந்து, உள்ளே கணீரென்று கேட்ட பிறகுதான் தாள் பிய்ந்து வால்வு மூடியது.

மேல்தளத்துக்கு வந்தபோது பழுப்பான ஒரு நாக்கு கரைப்பக்கம் நீண்டு போய்க்கொண்டிருந்தது. விருந்தினர்கள் மறுபக்கம் நின்று ஆமை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அக்கா வழக்கம்போலத் துடுப்புப் படகில் வந்தாள். கப்பல் நிற்கும் நாட்களில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு கூடை சிப்பி அவள்தான் தருவாள். விருந்தினர்கள் பச்சையாகவே உடைத்துச் சாப்பிடுவார்கள்.

"இன்னைக்கு வேணாமாம்னு சொல்லிரு," என்று கேப்டன் அவன் காதில் சொன்னார். "வயிறு சரியில்ல, அவ்ளோதான். வேற பேச்சு வேணாம்."

அவன் ஏணியில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னைக்கு வேணாமாம்க்கா."

"ஏனாம்? நேத்து நக்கி நக்கித் தின்னாங்க."

"வயிறு சரியில்லையாம்."

"அதுக்கென்ன, புள்ளைங்க தின்னும். ஏன்டா மூஞ்சி இப்படிக் கெடக்கு? பேய் அறைஞ்சவன் மாதிரி. முதுகா? குனிஞ்சு குனிஞ்சு கேள்விக்குறி ஆயிட்ட." அவள் கத்தியை எடுத்து ஒரு சிப்பியின் வாயைப் பிளந்தாள். உள்ளே சதை கொழுகொழுவென்று மின்னியது. "பாரு, என்ன சதைன்னு. நாளன்னைக்கு அந்த ஆளு பாத்தா மயங்கி விழுவான். இந்தா, வாயத் தொற."

வாயருகே நீட்டினாள். சின்ன வயதிலும் இப்படித்தான், முதல் வாய் அவனுக்கு.

மேலே கேப்டன் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றார். அவன் அதைத் தின்றால் அக்கா கூடையை வீட்டுக்குக் கொண்டுபோவாள். பிள்ளைகள் தின்பார்கள்.

"அக்கா, கீழ போடு."

"என்னது?"

"கூடையோட போடு. வீட்டுக்குக் கொண்டு போகாத. புள்ளைங்களுக்குக் குடுக்காத."

அவள் கை அப்படியே நின்றது. கப்பலின் பக்கவாட்டில், தண்ணீருக்குச் சற்று மேலே வால்வின் வாய் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். அங்கே தகரத்தில் பழுப்புக் கறை காயாமல் இருந்தது.

"எப்ப?"

"மத்தியானம்."

"தண்ணி ஏறும்போதா?"

"ஆமா."

"யாரு தொறந்தது?"

"நான்தான்."

அக்கா கையிலிருந்த சிப்பியைத் தண்ணீரில் போட்டாள். அப்புறம் கூடையைக் கவிழ்த்தாள். அழுவாள், திட்டுவாள், துடுப்பால் ஒன்று போடுவாள் என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அவள் காலிக்கூடையைக் கடல் தண்ணீரில் அலசப் போனவள், ஞாபகம் வந்ததுபோல நிறுத்திக்கொண்டாள்.

"அந்த ஆளுகிட்ட ஒண்ணும் சொல்லாம வித்துரலாம்டா," என்றாள். உடனே அவளே, "தின்னுட்டு எவனாச்சும் செத்தா?" என்றாள். "சோதனையிலயே தெரிஞ்சிரும், இல்ல?"

"தெரிஞ்சிரும்."

"கூடையெல்லாம் வேற எடத்துக்கு மாத்தினா?"

"உள்ள குடிச்சிருக்கும்க்கா. வெளிய வர மாசக்கணக்காகும்."

"அதுக்குள்ள காத்து வந்துரும்."

"ஆமா."

வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டது. கேப்டன் மிதவைக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். எஞ்சினைக் கிளப்ப அவன் கீழே போயாக வேண்டும். ஏணியில் ஒரு காலும் படகில் ஒரு காலுமாக நின்றான்.

"சட்டம் பண்ணும்போது நீதானடா வந்து மூங்கில் கட்டிக் குடுத்த," என்றாள் அக்கா. "எல்லா முடிச்சும் நீ போட்டது." அவ்வளவுதான் சொன்னாள். அவன் காலைப் படகிலிருந்து கையால் நகர்த்திவிட்டுத் துடுப்பை எடுத்தாள்.

மேல்தளத்தில் வழிகாட்டிப் பெண் விருந்தினர்களுக்கு விடைபெறும் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தாள். தீவில் கால்தடம்கூட விடாமல் போகிறோம் என்ற இடத்தில் இருமி, மறுபடி ஆரம்பித்தாள். கைதட்டினார்கள்.

அவன் குனிந்து உள்ளே போனான். எஞ்சின் ஒரே சொடுக்கில் கிளம்பியது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. தொட்டி பாதி காலியாக, கப்பல் லேசாகத்தான் போனது.

நாற்பது கூடை சிப்பி, இரண்டு வருடம் வளர்ந்தது. அவன் அக்காவுக்குத் தரவேண்டிய கடன் அது.